மண்டபத்து ஊர்வலமும் மாமாவின் டிவியும்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு ஷேடு கார்டுதான். பெயின்ட் கடைகளில் கொடுப்பார்களே, விசிறிபோல விரிகிற நிற அட்டை. அதை எங்கள் அம்மன் கோயில் முன்மண்டபத்தின் கல்தரையில் பரப்பிப் போட்டுவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையை இழுத்துத் தொங்கவைக்கும் பெரிய போன். நான் சேலத்திலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றியிருந்தேன். "வா சாமி, நல்ல நேரத்துக்குத்தான் வந்தே. இதுல நெம்பப் பளிச்சுனு இருக்கறது எதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். ஓர் ஆரஞ்சு நிறத்தைத் தொட்டுக் காட்டினேன். "அதைவிடப் பளிச்சுனு" என்றார். ஒரு மஞ்சளைக் காட்டினேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். "இதுக்கு மேல போனா ரோட்டுல வெக்கற போலீஸ் தடுப்புலதான் இருக்கும் மாமா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, கல் விதானத்தில், யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளையடித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்குத்தான் அவர் நிறம் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அந்த ஒரு வண்டியைப் பல வண்டியாக்கிய ஆள். பழசு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்றுக்காக எப்.சி. காட்டுவதற்கு வண்டியைக் கொண்டுபோகும் முன்னால் பாடியைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பின்கதவில் மயிலை எழுதி நிறுத்தினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவாகி, அவர் தலைமையில் ஊர்க்கூட்டம் நடந்தபோது, விதானத்துப் படத்தை என்ன செய்வது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "லாரிக்கு எப்பிடி எப்.சி.யோ, அப்பிடித்தானுங்க கோயிலுக்குக் கும்பாபிசேகம். எப்.சி.க்குப் போற வண்டியப் பழைய பெயின்ட்டோட ஆராச்சும் கொண்டுபோவாங்களா?" என்று மாமா கேட்டாராம். எங்கள் ஊரில் பாதிப்பேர் லாரிக்காரர்கள், மீதிப்பேர் லாரிக்காரர்களின் சம்பந்திகள். இதைவிடத் தெளிவாக அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க முடியாது. எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்தப் படத்தை நான் சின்ன வயதில் ரசித்துப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். கோயிலுக்குப் போனால் எங்களுக்குப் பொங்கல் வெந்துவிட்டதா என்பதுதான் கவலை. படம் தலைக்கு மேலே இருந்தது, வானம் இருப்பதைப்போல, அவ்வளவுதான். கருவறை வாசலுக்கு மேலே தொடங்கி, மண்டபத்தின் நான்கு பக்கமும் சுற்றிவருகிற ஊர்வலம் அது. முன்னால் தப்பட்டை அடிப்பவர்கள், அடுத்துக் குடை பிடிப்பவர்கள், குதிரைகள், பல்லக்கில் அம்மன், பின்னால் தீர்த்தக்குடம் சுமக்கும் பெண்கள். காவி, மஞ்சள், கருப்பு, எங்கோ ஓரிடத்தில் பாசிபோல ஒரு பச்சை. எண்ணெய்ப் புகையும் வௌவாலும் மழை ஒழுக்கும் சேர்ந்து அதன்மேல் தங்கள் பங்குக்கு எழுதியிருந்தன. ஷேடு கார்டு நாளன்று மாமா அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் முதல்முறையாக வேறு வேலை இல்லாமல் அண்ணாந்து பார்த்தேன். தீர்த்தக்குடப் பெண்களில் ஒருத்தி, ஒரு கையால் தன் தலைக்குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முன்னால் போகிறவளின் பின்னலை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுபட்டவளின் முகம் பாதி திரும்பியிருந்தது. சாமி ஊர்வலத்தில் இப்படி ஒரு குறும்பை எழுதத் துணிந்த ஓவியனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. "ஏனுங் மாமா, இதை அழிச்சே ஆகோணுமா?" என்று கேட்டேன். "எதை?" என்றார். மேலே கையைக் காட்டினேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கரி புடிச்சுக் கெடக்குது. அதுல என்னத்தப் பாக்கறது" என்று மறுபடி அட்டைக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இவருக்கும் கலைக்கும் வெகுதூரம் என்று முடிவுகட்டிக்கொண்டு, போனை எடுத்து, நடக்க முடிந்த இடமெல்லாம் நடந்து, விதானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தேன்.

இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன பெரிய ஓவிய நிபுணியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மனிதர்களின் உள்ளே இருப்பதைத் திரையில் பார்ப்பது என் பிழைப்பு. முகத்தை மறந்துவிடுவேன், பித்தப்பையை மறக்க மாட்டேன். நான் பார்க்கிற படங்களில் நிறமே கிடையாது, எல்லாம் சாம்பல். ஆகவே, அன்றைக்கு மாலை வீட்டில் உட்கார்ந்து அந்தப் போட்டோக்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தைப் பெரிதுபடுத்தாமல் சொல்ல முடியவில்லை. என் போனுக்கு ஒரு குணம் உண்டு, இருட்டு அதற்குப் பிடிக்காது. எங்கே இருட்டைக் கண்டாலும் தானே அதை வெளுத்து, நிறத்தைத் தூக்கிக் காட்டிவிடும். மண்டபத்தில் பழைய செங்கல் தூள்போலக் கிடந்த காவி, போனில் அன்றைக்குப் பூசியது மாதிரி நின்றது. இரண்டு விரலால் விரித்தால் அந்தப் பின்னலின் ஒவ்வொரு பிரியும் தெரிந்தது. ஏணி வைத்து ஏறினாலும் இவ்வளவு கிட்டத்தில் போயிருக்க முடியாது.

எல்லாவற்றையும் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அந்தக் குரூப்பை நீங்கள் பார்க்க வேண்டும். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, அன்றைய முட்டை விலை, இந்தூருக்கு லோடு இருக்கிறது வண்டி வேண்டும் என்ற அறிவிப்பு, யாருக்கோ பேரன் பிறந்த செய்தி, இவற்றுக்கு நடுவில் எங்கள் அம்மனின் ஊர்வலம் போய் நின்றது. புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. இது நம்ம கோயில்தானா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லோருக்கும் அந்த மண்டபத்தில்தான் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். இத்தனை வருடமாகத் தலைக்கு மேலே இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை, கைக்குள் வந்த பிறகுதான் பார்த்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. அண்ணாந்து பார்க்கவென்று ஒருவன் எழுதியதை நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போன் கொண்டுபோய்ச் சேர்த்ததில் வரிசையும் கலைந்துவிட்டது. குதிரைக்கு முன்னால் பல்லக்கும், பல்லக்குக்கு முன்னால் தீர்த்தக்குடமுமாக, ஊர்வலம் பின்பக்கமாக நடப்பதாகவே சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள்: இவ்வளவு பளிச்சென்று இருக்கிற படத்தை ஏன் அழிக்க வேண்டும்? குரூப்பில் எதற்கும் உடனே பேசி அனுப்பும் மாமா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அத்தை டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். மாமா சோபாவில் உட்கார்ந்தபடி, "உன்னாலதான் சாமி, ஆளாளுக்கு என்னையக் கேள்வி கேக்கறாங்க. பெயின்டருக்கு வரச்சொல்லி வாக்குக் குடுத்தாச்சு, இப்ப நான் என்னன்னு சொல்றது?" என்று அலுத்துக்கொண்டார். "நீங்க ஒருக்காப் பாருங்க மாமா. பாத்துட்டுச் சொல்லுங்க" என்று என் போனை நீட்டினேன். வாங்கி, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு தலையைத் திருப்பி, கோழி தானியத்தைப் பார்க்குமே, அதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார். "கண்ணாடி மாத்தோணுமுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல, உன்ற போனு சின்னது" என்றார்.

சின்னது என்றால் பெரிதாகக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்த வீட்டுக் கூடத்தில், புனேயில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்த டிவி ஒன்று, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு கிடந்தது. என் போனை அதோடு இணைத்தேன். பின்னல் இழுக்கிற பெண் அத்தையின் உயரத்துக்கு வந்து நின்றாள். மாமா எழுந்தார். சோபாவைச் சுற்றிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றார். இன்னும் கிட்டே போனார். மூக்கு திரையில் முட்டிவிடும்போல இருந்தது. அப்படியே முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தார். குடத்திலிருந்து கை, கையிலிருந்து பின்னல், பின்னலிலிருந்து திரும்பிய முகம். அவர் சட்டையின் வெள்ளையில் காவியும் மஞ்சளும் விழுந்து நகர்ந்தன. "இந்தக் கழுத, அவ ஜடையப் புடிச்சு இழுக்கறா பாரு" என்றார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "ஏனுங், சின்னப் புள்ளையாட்டம் டிவிய ஒட்டிப் போயி நிக்கறீங்க? கண்ணு கெட்டுப் போயிருமுங்க" என்றார்.

"இனிக் கெடறதுக்கு அதுல என்ன புள்ள இருக்குது" என்றார் மாமா, திரும்பாமலேயே.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். மாமாவே திரும்பி, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். நடுவுல பாத்தாப் பொகை மூட்டமாட்டம் இருக்குது, ஓரத்துல தெரியுது. சாயங்காலமாச்சுன்னா அதுவும் இல்ல. ஆபீசுல பேரு சொல்லிக் கூப்பிட்டா, சத்தத்த வெச்சுத்தான் ஆருன்னு கண்டுபுடிக்கறேன். லாரிக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன் சாமி லோடு குடுக்க வருவான்? கோயிலுக்குப் போயி மேல பாத்தா ஒரே கருப்பு. சத்தியமாச் சொல்றேன், படந்தான் கரியேறிப் போச்சுன்னு நெனச்சேன். அம்மன் இப்பிடி இருட்டுக்குள்ள இருக்கறாளேன்னு இருந்துச்சு. பளிச்சுனு அடிச்சுட்டா அவளும் வெளிச்சத்துல இருப்பா, எனக்கும் தெரியும்னு..." ஹெல்மெட்டுக்குள் நான் ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் எனக்கு மறந்துபோனது. அழுகையாக வந்தது. அத்தை அழவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. மாமாவுக்கும் சோபாவுக்கும் நடுவில் இருந்த டீப்பாயை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அவர் நடக்க வழியை ஒழித்துக் கொடுத்தார்.

அந்த வாரமே சேலத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது. டாக்டர் தன் திரையில் மாமாவின் விழித்திரையைக் காட்டினார். செம்மண் நிறத்தில் ஒரு வட்டம், அதன்மேல் அங்கங்கே கரும்புள்ளி, ஒழுகிப் பரவிய கறை. எத்தனையோ பேரின் உட்பக்கத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை. எங்கள் மண்டபத்து விதானம்தான் ஞாபகம் வந்தது. போன பார்வை முழுக்கத் திரும்பாது, ஊசி போட்டுக்கொண்டே வந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் தெளிவுகூட வரலாம் என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி என்றதும் நான் பயந்தேன். மாமா பயப்படவில்லை. "இதுக்கும் எப்.சி. காட்டோணும்னு முன்னாடியே தெரியாமப் போச்சு" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை, அத்தை மட்டும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா குரூப்பில் பேசி அனுப்பினார். விதானத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், ஒழுக்கை மட்டும் அடைத்தால் போதும், பெயின்டர்கள் கோபுரத்துக்கும் மதிலுக்கும் அடித்துவிட்டுப் போகட்டும் என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். நான்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன். போன் காட்டியது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காவி அவ்வளவு சிவப்பு கிடையாது. ஆனால் மாமாவின் கண் எவ்வளவை இழந்திருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் போன் கூட்டிக் காட்டியிருந்தது. அந்தப் பொய்யின் வழியாகத்தான் அவர் உண்மையான படத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இதைச் சரி என்பதா, தப்பு என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன் என்பது மட்டும் தெரியும்.

கும்பாபிஷேகம் வரும் வரைக்கும் அந்த டிவியில் செய்தியும் கிடையாது, சீரியலும் கிடையாது. அத்தை தன் சீரியலைப் போனில் பார்த்துக்கொண்டார், மாமா தன் சாமியை டிவியில் பார்த்தார். போட்டோக்களை நான் வரிசைப்படுத்தி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். ரிமோட்டை அமுக்கி ஒவ்வொன்றாக நகர்த்தி, முகத்தைத் திரையில் வைத்துத் தேய்க்காத குறையாகப் பார்ப்பார். தப்பட்டைக்காரர்களில் ஒருவனுக்கு மட்டும் கன்னத்தில் மச்சம் இருப்பதையும், இரண்டாவது குதிரைக்கு ஐந்து கால் இருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஓவியன் முதலில் ஒரு காலை எழுதி, பிடிக்காமல் வேறிடத்தில் எழுதி, பழையதைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தான். "பெயின்டர் வேலையில இதெல்லாம் சகஜம், நம்ம மயிலுக்குக்கூட ஒருத்தன் இப்பிடித்தான் பண்ணிப்போட்டான்" என்றார். ஒருநாள் என்னிடம் ஒரு குறையும் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா இதுல நான் நிக்கறேன், படம் நகருது. அங்க படம் நின்னுச்சு, நாமதான் கூடவே நடந்தோம். ஊர்கோலத்துக்கு அதானே மொறை?" மண்டபம் முழுக்க நடந்து படம் எடுத்திருந்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போனால் அந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஊசி போட்டுப் போட்டு இப்போது என் முகம் அவருக்குக் கொஞ்சம் தெரிகிறது. "ஒடம்பு வெச்சிருக்கற போல" என்று போன மாதம் சொன்னார். அது எனக்கு எவ்வளவு பெரிய நல்ல செய்தி என்று அவருக்குத் தெரியாது.

கும்பாபிஷேகத்தன்று நல்ல வெயில். கலசத்தில் தீர்த்தம் ஊற்றி, கீழே நின்ற எங்கள் மேலெல்லாம் தெளித்து முடித்ததும், வெளியூரிலிருந்து வந்த அத்தனை பேரும் நேராக முன்மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். சாமி கும்பிடுவதற்கு முன்னால் எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போன்ல என்னமோ புதுசாட்டம் இருந்துச்சுங்களே. இங்க ஒன்னுமே தெரியலீங்க" என்றார் பெங்களூரிலிருந்து வந்த உறவுக்காரர். வெளியே கோபுரமும் மதிலும் புது நிறத்தில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தன, உள்ளே ஒரே கருப்பு. "மாமா சொன்ன மாதிரி மொதல்லயே அடிச்சிருக்கலாம், ஏந்தான் வேண்டாம்னாரோ" என்று இன்னொருவர் சொல்ல, அடுத்தமுறை கட்டாயம் அடித்துவிட வேண்டும் என்று அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது. சிலர் போனைத் திறந்து என் போட்டோவையும் விதானத்தையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மாமா அத்தையின் தோளில் கை வைத்தபடி மண்டபத்துக்குள் வந்தார். பேசியது அவ்வளவும் அவர் காதில் விழுந்திருந்தது. மேலே இருப்பதை அந்தக் கூட்டத்திலேயே பார்க்க முடியாத ஆள் அவர் ஒருவர்தான், அவரிடம்தான் எல்லோரும் நியாயம் கேட்கப்போகிறார்கள் என்று நான் பதறினேன்.

"எல்லாரும் போனை உள்ள வையுங்க" என்றார் மாமா. லாரி ஆபீசில் டிரைவர்களிடம் பேசுகிற குரல். "வெய்யில்ல இருந்து நேரா வந்திருக்கறீங்க. இருட்டுக்குள்ள வந்தவொடன எதுந் தெரியாது. செத்த நேரம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகட்டும்." பெரியவர் சொல்லிவிட்டாரே என்று நின்றார்கள். நானும் நின்றேன். முதலில் காவி வந்தது, போனில் வந்த மாதிரிப் பாய்ந்து வரவில்லை, மெதுவாக, இருட்டிலிருந்து பிரிந்து வந்தது. அப்புறம் குடையின் விளிம்பு. அப்புறம் ஒரு குதிரையின் கண். பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "இப்ப நடங்க" என்றார் மாமா. அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். "தப்பட்டைக்காரனுங்க முடிஞ்சு இப்பக் குடை வருது பாருங்க. அடுத்தது குதிரை. ரெண்டாவது குதிரைக்குக் காலை எண்ணிப் பாருங்க." ஆங்காங்கே சிரிப்பு எழுந்தது. எல்லோரும் அண்ணாந்து நடந்ததால் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், மன்னிப்புக்கூடக் கேட்காமல் மேலேயே பார்த்தார்கள். மாமா மட்டும் நிமிரவே இல்லை, நேராகப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே நடந்தார். தீர்த்தக்குடப் பெண்களைத் தாண்டும்போது அவர் மகன் என் பக்கத்தில் வந்து, "அப்பா மேல பாக்கவே மாட்டேங்கறாரு" என்று மெல்லச் சொன்னான். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் போய் அப்பாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டான்.

தீர்த்தக்குடங்கள் முடிந்த இடத்தில் மாமா நின்றார். அவருடைய டிவியில் அதுதான் கடைசிப் படம். "அவ்வளவுதானுங்க, இத்தோட முடிஞ்சுது" என்றார்.

"இல்லீங்களே" என்றார் பெங்களூர்க்காரர். "இந்த உத்தரத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்குதுங்களே."

நான் எட்டிப் பார்த்தேன். அந்த மூலையில் எப்போதும் பழைய வாகனங்களும் விழாச் சாமான்களும் தார்ப்பாய் மூடிக் கிடக்கும், ஆள் நிற்க இடம் இருக்காது. கும்பாபிஷேகத்துக்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். உத்தரத்தின் மறைவில், என் போட்டோ எதிலும் வராத ஓர் அகலமான துண்டு, புகையும் படாமல் இருந்தது. நான் பழக்கத்தில் போனைத் தூக்கினேன். மாமாவுக்கு எப்படித் தெரிந்ததோ, "போட்டோ அப்பறம் எடுத்துக்கலாம் சாமி. மொதல்ல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

"வண்டி மாமா" என்றேன். "மாட்டு வண்டி. ஊர்வலத்துக்குப் பின்னாடியே வருது. மேல என்னமோ ஏத்தியிருக்காங்க."

"வண்டியா?" மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் டிவிக்கு முன்னால்கூடப் பார்த்ததில்லை. "லோடு என்ன?"

எல்லோரும் உத்தரத்துக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்று பார்த்தோம். வாழைத்தார் என்றார் ஒருவர். வாழைத்தார் இப்படியா இருக்கும், அது அரிசி மூட்டை என்றார் இன்னொருவர். அத்தை, அது ரெண்டும் இல்லை, பந்தல் போடுகிற துணி என்றார். மகன், மேலே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது என்றான்.

"கயிறு எப்பிடிக் கட்டியிருக்கறான்? இழுத்துக் கட்டியிருக்கறானா, தொளதொளன்னு கெடக்குதா?" என்று கேட்டார் மாமா. "அவசரப்படாதீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, நான் நிக்கறேன்."

நாங்கள் எல்லோரும் கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்து மேலே பார்த்தோம்.